கன்னையா அளந்த வண்டி

சித்தூர், 14.3.1957

அன்புள்ள நைனாவுக்கு, மகள் தாட்சாயணியின் வணக்கம். மூச்சிரைப்பு குறைந்திருக்கிறதா?

எங்கள் ஆஸ்பத்திரியின் பழைய காரில் பின்பக்கத்தை வெட்டி, கழித்துப் போட்ட லாரித் தகடும் பஸ் கதவும் பொருத்தி, நோயாளி படுத்து வரும்படி மெக்கானிக் கன்னையா மாற்றினார். தானே படுத்து அளவெடுத்தார், அவரோ குள்ளம்.

முதலில் ஏற்றியது, பாலசமுத்திரத்தில் கிணற்றில் விழுந்து நினைவிழந்த ஏழுமலையை. கதவு மூடவில்லை.

"இன்னா டாக்டரம்மா, பனைமரத்த தூக்கினு வந்துட்டீங்க!" என்றார் வண்டி ஓட்ட வந்திருந்த கன்னையா.

வெளியே நீண்ட கால்களைச் சித்தூர் வரை தேய்த்துக்கொண்டே வந்தேன். சில்லிட்டிருந்த பாதங்கள் மெல்லச் சூடாயின. பிழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் வண்டியை நீட்டுகிறார்கள். "யார் அளவுக்கு வைக்கட்டும்மா?" என்று கன்னையா கேட்டார்.

நைனா, உங்கள் உயரத்தை அளந்து உடனே எழுதுங்கள். சும்மாதான் கேட்கிறேன். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

தாட்சாயணி