நானூறு பேரின் பொங்கலும் ஓலேயின் முழங்காலும்

கோல்டிங், 4 ஜனவரி 1986

இன்று தொடங்கும் கதையை யாரும் நம்பப்போவதில்லை. அதற்கு நானே உத்தரவாதம். விளையாட்டு மண்டபத்தில் தரை துடைக்கும் மொப் பிடிக்கும் மரியரட்ணமாகிய நான், டென்மார்க் தேசத்தின் கூடைப்பந்து அட்டவணையில் கை வைக்கப்போகிறேன்!

காரணம் ஓலே. சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரன். உயரம் ஒன்பது அடி (சரி, ஏழு). ஆட்டம் முடிந்து முழங்காலில் ஐஸ் கட்டிக்கொண்டும், சனம் இருந்து பார்த்த வாங்குகளை என்னோடு தூக்கி அடுக்குவான். இப்படி ஒருவனை நான் கண்டதில்லை. இவன் காலுக்கு ஓய்வு வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன்.

6 ஜனவரி

பனியால் தள்ளிப்போன ஆட்டங்களையும் சேர்த்து அமுக்கிவிட்டார்கள். 12, 13, 14. மூன்று நாள், மூன்று ஆட்டம்! மூன்றையும் ஆடினால் கால் அவ்வளவுதான் என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஆடாமல் இருக்க ஓலேக்குத் தெரியாது.

கிளப் செயலாளர் பியர்தே, கூடைப்பந்துச் சங்கத்தோடு போனில் ஒரு மணித்தியாலம் வாதாடினாள். மண்டபம் வேறு தேவைக்குப் போனால் மட்டும் நாளை மாற்றலாமாம்.

14... அட, தைப்பொங்கல்!

7 ஜனவரி

என் மனைவி விக்ரோரியா சிரித்தாள். "மாதா கோயிலுக்குப் போற வேதக்காரர் எங்களுக்கென்ன பொங்கல்? முட்டை அவிக்கத் தெரியாத மனுசன், மண்டபம் பிடிச்சுப் பொங்கப் போறாராம்!"

"சைவக்காரர் தவராஜா வீட்டாக்கள் பொங்குவினம். நான் தலைமை தாங்குவன்."

மண்டப விண்ணப்பத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தது. ஊரில் தமிழர் நாங்கள் முப்பத்தொரு பேர். 400 என்று எழுதினேன்.

பியர்தே கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். "நானூறா?"

"குறைத்துத்தான் எழுதினேன்."

முத்திரையை எடுத்துக் குத்தினாள். என்ன பெண்ணப்பா!

10 ஜனவரி

14ஆம் திகதி செவ்வாய் ஆட்டம் 21க்கு மாறியது.

14 ஜனவரி

மண்டபக் குசினி மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பார்க்க வந்த ஓலே பதறி, நொண்டி நொண்டி என் மொப்பைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தான். தவராஜாவின் மனைவி ஞானேஸ்வரி குறுக்கே நின்றாள்: "ஐயோ, துடையாதேங்கோ! பொங்கினாத்தான் நல்லது!"

சிந்தினால் சந்தோசப்படும் சனத்தை அவன் இன்றுதான் கண்டான். மூன்று கோப்பை சாப்பிட்டான். பிறகு மூலையிலிருந்த ஜிம் மெத்தையில் சாய்ந்தான்.

21 ஜனவரி

வென்றோம்! ஓலே பாய்ந்த பாய்ச்சலில் தலை கூரையில் முட்டி, வெளியே பனி சரிந்து மூன்று கார் புதைந்தது.

30 ஆகஸ்ட்

புதிய பருவத்து அட்டவணை வந்தது. எந்த இரண்டு ஆட்டத்துக்கும் இடையில் குறைந்தது இரண்டு நாள். பொங்கல் ஓய்வுக்கு முன் ஓலேயின் ஆட்டம் இப்படி, பின் இப்படி என்று காட்டி பியர்தே சங்கத்துக்குப் பதினொரு கடிதம் எழுதியிருக்கிறாள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஓலே இன்றும் வாங்கு தூக்கினான், ஐஸ் இல்லாமல்.

சரி, ஒப்புக்கொள்கிறேன். நானூறு பொய். கூரை பொய். கார்களும் பொய். அட்டவணையை மாற்றியது பியர்தே.

ஆனால் பொங்கலன்று அந்த மெத்தையில் அவன் ஐந்து மணித்தியாலம் அடித்துப்போட்ட மாதிரி நித்திரை கொண்டது உண்மை. பிள்ளைகள் கிட்டப் போகாமல் மொப்போடு காவல் நின்றவன் நான்.