சூடாக வந்த புரிதா

மார்ச் 4, செவ்வாய்

ட்ராம் ஷிப்ட் முடிந்ததும் கவினோவுக்குப் போன் செய்தேன். மிலானில் எங்கள் சார்தீனியா மீன் சாப்பாடு என்றால் அவன் கடைதான். மே பதினேழாம் தேதி மகள் இலேனியாவுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா ஓர்னெல்லாவை அங்கே அழைத்துப் போகிறேன். புரிதாவை நாளைக்கே போட்டுவைக்கச் சொன்னேன். சுறாத் துண்டுகள் வினிகரிலும் வால்நட் விழுதிலும் இரண்டு நாள் ஊறி, சில்லென்று தட்டுக்கு வர வேண்டும். மெனு அட்டை யாருக்கும் வேண்டாம். மேஜைக்கு வேண்டியதை நானே சொல்வேன், எப்போதும் போல.

மார்ச் 7, வெள்ளி

கடையிலிருந்து நேரே வந்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

ஒரு தட்டு அடுக்களைக்குத் திரும்பிப் போய், ஆவி பறக்க வந்தது. புரிதாவைச் சூடு பண்ணியிருக்கிறார்கள்! ஓர்னெல்லாவுக்கும் இலேனியாவுக்கும் நடுவில் வைத்தான் சர்வர். யார் வேலை என்று கேட்கவா வேண்டும்? அந்த மிலான்காரி ஓர்னெல்லாதான்!

"எங்க ஊர்ச் சாப்பாட்டத் திருத்த நீங்க யாருங்க?" கடையே திரும்பிப் பார்த்தது. அந்தம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

கவினோ எங்கள் ஊர் மிர்த்தோ மது ஊற்றிக்கொண்டு ஓடி வந்தான். கடைக்காரன் அன்பாக ஊற்றியதைத் தொடாமல் எழுந்தால் எங்களில் அது செருப்படி. தொடாமல்தான் எழுந்தேன். இலேனியா பின்னால் வரவில்லை.

மார்ச் 8

இன்னும் ஆறவில்லை.

மார்ச் 11

கவினோவின் போன். "ரைமொண்டோ, கோவத்துல கண்ணு தெரியலயாடா ஒனக்கு? தட்டத் திருப்பி அனுப்புனது ஒம் மகடா. சில்லுன்னு அந்த மீனு சின்னதுலேர்ந்தே அவளுக்குக் கொமட்டுமாம்."

இருபத்தெட்டு வருஷம்! ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நானே அவள் தட்டில் போட்டு, "சாப்பிடு கண்ணு" என்று— ஏன் சொல்லவில்லை? உடனே கூப்பிட்டுக் கேட்டேன்.

"சொன்னா? ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவீங்க. அதுக்கு முழுங்கிடலாம்ப்பா. அத்தைகிட்ட மன்னிப்புக் கேளுங்க. இல்லன்னா கல்யாணத்துக்கு வராதீங்க." வைத்துவிட்டாள்.

பெத்த அப்பனயா? என்ன திமிரு! எங்கேர்ந்து வந்துச்சு இவளுக்கு— சரி, அது தெரிந்ததுதான்.

மார்ச் 19

இன்று அப்பாக்கள் தினம். போன் வரவில்லை.

மார்ச் 22

ஓர்னெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று ஏன் சும்மா இருந்தீர்கள் என்றேன்.

"பொண்ணு மொகம் வெளிறிப்போச்சுங்க. திட்டு எனக்கே விழட்டும்னு விட்டுட்டேன். எனக்கு அது சில்லுன்னு இருந்ததுதான் பிடிச்சுது. இன்னொரு தட்டு கேக்கலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்க கத்திட்டீங்க."

இவரை வெறுக்கவும் வழியில்லாமல் போயிற்று. அதற்கும் எரிச்சல்.

ஏப்ரல் 11

கவினோ கடை. இலேனியா மெனு அட்டையைப் பிரித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. மட்டி போட்ட ஸ்பகெட்டி கேட்டாள். வந்ததும், "கொஞ்சம் சீஸ் துருவிக் குடுங்க" என்றாள். மட்டிக்கு மேல் சீஸ்! மீன், மட்டியோடு சீஸ் சேர்ப்பதே எங்களில் குற்றம். கவினோ கிண்ணத்தோடு நின்று என் முகத்தைப் பார்த்தான்.

"என்னை ஏன்டா பாக்குற? அவளக் கேளு."

கேட்டான். மூன்று கரண்டி போட்டுக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன்.

"மே பதினேழுக்கு லீவு சொல்லிட்டீங்களாப்பா?" என்றாள், வாய் நிறைய மென்றுகொண்டே.