பதினாறாம் வாரச் சீட்டு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகமா என்று நீ கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாது, அதனால்தான் போனை எடுக்காமல் பேனாவை எடுத்தேன், போனில் என்றால் நான் பாதியில் கத்துவேன், நீ பாதியில் அழுவாய், விஷயம் போய்ச் சேராது. முதலில் பயப்படாதே. உன் அம்மா ஆபரேஷன் தியேட்டருக்குள் இருக்கிறாள், பித்தப்பையை எடுக்கிறார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சர்வீஸ் ரிப்போர்ட் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். உள்ளே அவளைத் தூங்க வைத்திருக்கும் மயக்க மருந்து மெஷின் நான் பராமரிப்பதுதான், நேற்று இரண்டு தடவை கசிவு இருக்கிறதா என்று சோதித்தேன், இன்று காலையில் மூன்றாம் தடவை போனபோது தியேட்டர் நர்ஸ், அண்ணே அந்த மெஷினுக்கே பயம் வந்துடும், தயவுசெஞ்சு வெளிய போய் உக்காருங்க என்று விரட்டிவிட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், கோபப்படுவதானால் படித்து முடித்துவிட்டுப் படு, ஏனென்றால் தப்பு என்னிடம்தான் ஆரம்பிக்கிறது. நாலு மாதத்துக்கு முன்னால் நீ என்னிடம் மட்டும் ஒன்று சொன்னாய். உன்னோடு அறையில் தங்கியிருந்த பெண் அத்தனை வலியில் துடித்துச் செத்த பிறகு, அவளுடைய அடக்கப் பூசையில் அங்கிருந்த பங்குச் சாமியார் கடவுள் தாம் நேசிக்கிறவர்களுக்குத்தான் துன்பத்தை அனுப்புகிறார் என்று பிரசங்கம் செய்ததாகவும், நீ நடுவிலேயே எழுந்து வெளியே வந்துவிட்டதாகவும், அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவே இல்லை என்றும் சொன்னாய். அம்மாகிட்ட சொல்லாதீங்கப்பா என்றாய். வலிக்கு என்னப்பா அர்த்தம் என்றும் கேட்டாய், நான் வால்வு பற்றிக் கேள், ரெகுலேட்டர் பற்றிக் கேள், இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று பேச்சை முடித்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே உன் அம்மா கோயிலிலிருந்து நேரம் கழித்து வந்தாள் என்று ஆரம்பித்த ஒரு வெட்டிச் சண்டையில், நீ இங்க விழுந்து விழுந்து கும்பிடுற, உன் மக அங்க கோயில் வாசப்படியையே மிதிக்கிறதில்ல, அது தெரியுமா உனக்கு என்று கொட்டிவிட்டேன். அவள் கையிலிருந்த தட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தாள், அவ்வளவுதான். நான் விஷயம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தும், அவள் சத்தம் போடாத போதுதான் பயப்பட வேண்டும் என்பது தெரியாத மடையன் நான்.

போன ஞாயிறு கோயிலில் மைக் கரகரத்தது, வழக்கம்போல என்னைக் கூப்பிட்டார்கள். ஒயர் பக்கவாட்டுச் சுவரை ஒட்டிப் போகிறது, அங்கே பெண்கள் ஜெபக் கூட்டத்தின் மரப்பெட்டி இருக்கும், உனக்கு நினைவிருக்குமோ என்னவோ, வாரா வாரம் ஒவ்வொருத்தியும் தான் பட்ட கஷ்டத்தையும் அதை யாருக்காக ஆண்டவரிடம் ஒப்புக்கொடுக்கிறாள் என்பதையும் பெயர் போடாமல் சீட்டில் எழுதி உள்ளே போடுவாள், ஒருவரும் படிக்கக் கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவை அப்படியே எரித்துவிடுவார்கள். பெட்டியை நகர்த்தினேன், அடிப்பலகை கழன்று சீட்டெல்லாம் தரையில் கொட்டிவிட்டது. பொறுக்கும்போது கண்ணில் பட்டது, நான் என்ன செய்ய. ஒருத்தி தன் மாமியார் வாயை செத்தும் மோட்சம் சேராமல் உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஒப்புக்கொடுத்திருந்தாள், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு அடுத்த சீட்டை எடுத்தேன். மகள் மறுபடி கோயிலுக்குப் போக வேண்டும், வலது விலாவுக்குக் கீழே வலி, மாத்திரை இல்லாமல், பதினாறாம் வாரம் என்று இருந்தது. உன் அம்மாவின் கையெழுத்து. என்னைக் கரண்ட் தூக்கி அடித்திருக்கிறது, மூன்று தடவை, ஒரு தடவை ஏணியிலிருந்து விழுந்திருக்கிறேன், ஆனால் அந்த மாதிரி உடம்பு மரத்துப்போனது இல்லை. பதினாறு வாரமாக அவள் என் பக்கத்தில்தானே படுத்திருந்தாள். ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருப்பாள், கேட்டால் வாயு என்பாள், நான் திரும்பிப் படுத்துக்கொள்வேன். மைக்கை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

போய்ச் சீட்டை நீட்டினால் அவளுக்கு முதலில் வந்தது கோபம். அந்தப் பெட்டிய யாரு உங்களத் தொறக்கச் சொன்னது, அது எனக்கும் ஆண்டவருக்கும் நடுவுல உள்ளது என்று பாய்ந்தாள். அலமாரியில் துணிக்கு அடியில் மாத்திரை அட்டைகள் பிரிக்காமல் கிடந்தன. தெருமுனைக் கிளினிக்கில் நாலு மாதத்துக்கு முன்னாலேயே பித்தப்பையில் கல் என்று சொல்லி, வலிக்கு மாத்திரை கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதியும் கொடுத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்க்கிறவனின் பெண்டாட்டி அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டாள். நான் கத்தினேன், வலிங்கறது அலாரம்டி, அலாரம் அடிச்சா போய் என்னன்னு பாக்கணும், அதுக்கு முன்னாடி முழங்கால் போட்டு உக்காரக் கூடாது என்று. அவள் நிதானமாகச் சொன்னாள், சிலுவையில அறையறதுக்கு முன்னாடி வலி தெரியாம இருக்க மருந்து கலந்த திராட்சை ரசம் கொடுத்தாங்களே, ஆண்டவர் அத வாங்கிக் குடிச்சாரா, அவரு வேண்டாம்னு தள்ளினத நான் மட்டும் ஏன் குடிக்கணும் என்று. பதினெட்டு வருஷமாக நான் சம்பளம் வாங்குவதே அந்த மாதிரி மருந்து தடையில்லாமல் போகிறதா என்று பார்ப்பதற்குத்தான்.

திங்கட்கிழமை காய்ச்சல் வந்ததால் இழுத்துக்கொண்டு போய் ஸ்கேன் எடுத்தேன். சர்ஜன் படத்தைப் பார்த்துவிட்டு, சீழ் வைக்க ஆரம்பிச்சிருக்கு, இந்த வாரத்துக்குள்ள எடுத்தாகணும், உள்ளயே உடைஞ்சுதுன்னா அப்புறம் உயிருக்கு என்னால பொறுப்புச் சொல்ல முடியாது என்றார். இவளோ அவர் முகத்துக்கு நேராக, காய்ச்சலுக்கு ஊசி வேணும்னா போடுங்க, ஆபரேஷன என் பிள்ள கோயிலுக்குப் போன அப்புறம் பாத்துக்கலாம் என்கிறாள். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். அன்று மத்தியானம் உனக்கு ஒரு மிஸ்டு கால் வந்ததே, நீ கேட்டபோது கை பட்டுவிட்டது என்றேனே, கை படவில்லை. போயிட்டு வந்துட்டேன்னு அம்மாகிட்ட ஒரு பொய் சொல்லு என்று கேட்கத்தான் போட்டேன், ஒரு ரிங் போனதும் வெட்டிவிட்டேன். நீ பொய்யே சொன்னாலும் தன் வலி பலித்துவிட்டது என்று அவள் முடிவு கட்டிவிடுவாள், அப்புறம் உன் கல்யாணத்துக்கு எந்த உறுப்பைக் கொடுப்பாளோ, உன் பிரசவத்துக்கு எதைக் கொடுப்பாளோ.

செவ்வாய்க்கிழமை நம் பங்குச் சாமியாரிடம் போனேன், புதிதாக வந்திருக்கிறவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். கேட்டதும் அவர் முகத்தில் ரத்தமே இல்லை. வர்ற வலியத் தாங்கிக்கிட்டு ஆண்டவரோட சேத்து ஒப்புக்கொடுங்கன்னுதாங்க நான் பிரசங்கத்துல சொன்னேன், வைத்தியம் பாக்காதீங்கன்னு சொல்லலையே என்று என்னிடமே கெஞ்சுகிறார். வண்டியை எடுத்துக்கொண்டு என் பின்னாலேயே வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றக்கூட மறந்து அப்படியே நம் நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். அம்மா, ஆண்டவர் வலியத் தேடிப் போகல, ஆளுங்களத் தேடிப் போனாரு, நெருக்கடி வந்தப்போ அவங்கள விட்டுட்டு ஓடல, அதனால வலி வந்துச்சு, சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்துல இது எனக்கு வேண்டாமேன்னு அவரும்தான் கேட்டாரு, சிலுவையைத் தூக்க முடியாம போனப்போ வழியில வந்த ஒருத்தர் தோள் கொடுத்தாரே, அத வேண்டாம்னாரா என்றார். நல்லாத்தான் பேசினார். உன் அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, வேண்டாமேன்னு கேட்டாரு சாமி, ஆனா எழுந்து ஓடிடலையே என்றாள். அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, நான் ஜெபம் பண்றேங்க என்று கிளம்பிவிட்டார். அதை நானே பண்ணிக்கொள்ள மாட்டேனா.

எனக்குப் பொறுமை அங்கேயே போயிற்று. சரி, வலிக்கு அவ்வளவு பலம் இருக்குன்னா நானும் ஒரு சீட்டுப் போடுறேன், என் கடைவாய்ப் பல்லு சொத்தையாகி ஆறு மாசமாக் கிடக்கு, அத ஊசி போடாமப் பிடுங்கி உன் வயித்துக்காக ஒப்புக்கொடுக்கிறேன் என்றேன். விளையாட்டு என்று நினைத்தாள். புதன்கிழமை காலை நேராகப் பல் பிரிவுக்குப் போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து ஊசி வேண்டாம் என்றேன். அந்த டாக்டரம்மாவை உனக்குத் தெரியாது, வாய் என்னைவிட நீளம். இது என்ன வேண்டுதலா இல்ல பந்தயமாண்ணே, நான் என்ன கசாப்புக் கடையா நடத்துறேன் என்றாள். நான் அசையவில்லை. சரி முதல்ல வாயத் தொறங்க என்று கையிலிருந்த, பல் பார்க்கிற கண்ணாடிக் கம்பியின் பின்புறத்தால் அந்தப் பல்லின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. இது சும்மா தட்டிப் பாத்ததுண்ணே, வேலையே இன்னும் ஆரம்பிக்கல என்றாள். ஊசி போடும்மா என்றேன். மரத்துப்போக ஐந்து நிமிஷம் ஆகும் என்று போய்விட்டாள், அந்த ஐந்து நிமிஷம் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தேன். ஒரு தட்டு எனக்குத் தாங்கவில்லை. அவள் பதினாறு வாரம் சமைத்தாள், துவைத்தாள், பஸ்ஸில் நின்றுகொண்டே வேலைக்குப் போய் வந்தாள், என் சட்டைக்குப் பட்டன் தைத்தாள். அவளை முட்டாள் என்று எத்தனை தடவை திட்டினேன் என்று நினைத்துப் பார்த்தேன். செய்தது தப்புத்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, ஆனால் நான் இத்தனை காலம் யாரோடு வாழ்ந்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரியவே இல்லை.

வாயில் பஞ்சும் வீங்கிய கன்னமுமாக வீட்டுக்குப் போனேன். பார்த்ததும் ஊசி இல்லாமல்தான் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். அப்படி ஒரு கூச்சலை நான் அவளிடம் கேட்டதே இல்லை. உங்களுக்கென்ன பைத்தியமா, யாரு கேட்டா உங்கள, உங்க வலிய வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, அத எங்க கொண்டு வைக்கிறது என்று துண்டால் என்னை அடிக்கிறாள். அடித்துக்கொண்டே இருந்தவள் ஓங்கிய கையோடு அப்படியே நின்றுவிட்டாள். நான் பஞ்சைத் துப்பிவிட்டு, இல்லடி, ஊசி போட்டுக்கிட்டேன், ஒரு தட்டுல தோத்துட்டேன் என்று உண்மையைச் சொன்னேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்ததில் விலா பிடித்துக்கொண்டது, தரையில் உட்கார்ந்துவிட்டாள். விலாவைப் பிடித்தபடியே, உங்க மூஞ்சியப் பாத்து எனக்கு நன்றியே வரலங்க, கோவம்தான் வந்துச்சு, பாப்பாவுக்குத் தெரிஞ்சா அவளுக்கும் இப்படித்தானே வரும் என்று கேட்டாள். ஆமா என்றேன். அப்ப ஆண்டவர் எதுக்குச் சிலுவையில அதச் செஞ்சாரு, நாம என்ன அவரக் கேட்டமா என்றாள். என்னைத்தான் கேட்டாளா என்று தெரியவில்லை. கையிலிருந்த துண்டை மடித்து வைத்துவிட்டு, அவரு செஞ்சதுல நமக்கு உயிரு வந்துச்சு, நான் செஞ்சா உங்க எல்லாருக்கும் பயம்தான் வருது, சர்ஜன்கிட்ட வரேன்னு சொல்லிடுங்க என்றாள்.

நீ கேட்டதற்கு அன்று நான் பதில் சொல்லாமல் ஓடினேன். வலிக்கு என்ன அர்த்தம் என்று இப்போதும் எனக்குத் தெரியாது. உன் தோழிக்கு அதை யாரோ அன்பாக அனுப்பிவைத்தார்கள் என்று எவன் சொன்னாலும் நானும் எழுந்து வெளியே வருவேன். ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கடைசி மூன்று வாரமும் நீ தூக்கம் இல்லாமல் பக்கத்திலேயே இருந்தாயே, வாந்தியை வாரினாயே, அது வலிக்காகச் செய்ததில்லை, அவளுக்காகச் செய்தது. அந்த ஹெல்மெட் போட்ட சாமியார் சொன்னது அதைத்தானோ என்று இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ கோயிலுக்குப் போ என்றும் சொல்ல மாட்டேன், போகாதே என்றும் சொல்ல மாட்டேன். போனால் உன் காலால் நடந்து போ, அம்மாவின் வலி உன்னைப் பிடரியைப் பிடித்துத் தள்ளிப் போனதாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். உன் ரகசியத்தை உடைத்ததற்கு என்னை மன்னித்துவிடு.

மேலே எழுதிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டுவிட்டார்கள், இப்போது வார்டில் அவள் கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். நல்லபடியாக எடுத்துவிட்டார்கள், இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் உடைந்திருக்கும் என்றார் சர்ஜன். அவள் கண் விழித்ததும் நர்ஸ் குனிந்து, அம்மா வலிக்குதா, மறைக்காமச் சொல்லணும் என்றாள். உன் அம்மாவின் உதடு இல்லை என்று சொல்லத்தான் போனது, எனக்குத் தெரியும், அந்த வாயை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, வலிக்குது, ரொம்ப வலிக்குதும்மா என்றாள். நர்ஸ் மருந்தை ஏற்றிவிட்டாள். அவள் வாங்கிக்கொண்டாள். இந்த வராண்டாக்களில் தினமும் நூறு பேர் சொல்லிக் கேட்கிற வார்த்தைதான், நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டியதாயிற்று.

வேளாவேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன்னை எப்போதும் தம் கையில் வைத்துக் காக்கட்டும், அம்மாவும் நானும் உன் தலையில் கை வைத்ததாக எண்ணிக்கொள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. அடுத்த தடவை போனில் அம்மாவிடம் வலிக்குதாம்மா என்று கேள், ஒண்ணுமில்ல என்று சொன்னால் விடாதே, உண்மையைச் சொல்லும்வரை போனை வைக்காமல் காத்திரு.

இப்படிக்கு,
வாயை அடக்கத் தெரியாத உன் அப்பா