மஞ்சள் கோடு போட்ட விராலடிப்பான்

நேற்று உன் சம்சாரம் வந்து ஒரு துணிப்பையை என் கையில் கொடுத்தார். பிரித்ததும் குப்பென்று நீலகிரித் தைல வாடை. உள்ளே உன் பறவை நோட்டு. அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டது என்று நாளெல்லாம் தேய்ப்பாயே, அதே தைலம். ஆள் போய் மூன்று மாதம் ஆகிறது. வாடை இன்னும் ரிட்டயர் ஆகவில்லை.

"பழைய பேப்பர்காரன்கிட்ட போட மனசு வரலண்ணே. நீங்கதான அவரோட ஏரியச் சுத்திகினு இருந்தீங்க" என்றார்.

சரிம்மா என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அவரிடம் சொல்ல முடியாததை உனக்கே எழுதுகிறேன். நீ செத்துப்போனதால் உன்மேல் இருந்த கோபம் எனக்குக் குறையவில்லை. சாவு வீட்டுக்கு வந்தேன், பாடையும் தூக்கினேன். முன்பக்கம் முழுக்க என் தோள்தான். மற்ற மூன்று பேரும் சும்மா கையை வைத்துக்கொண்டு நடந்தார்கள். ஆனால் அழவில்லை. நீ இருந்திருந்தால் "அளந்தியா?" என்று கேட்டிருப்பாய். அதனால் இரண்டு சொட்டு என்று வைத்துக்கொள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் முப்பத்தோரு வருஷம் நான் லேத்தில், நீ இன்ஸ்பெக்ஷன் மேஜையில். நான் எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஷாஃப்ட் கடைவேன். ஜெர்மனியிலிருந்து வந்த துரை ஒருத்தர் என் ஷாஃப்டைத் தடவிப் பார்த்துக் கண் கலங்கி, "இந்த ஆளை என் ஊருக்கு அனுப்பு" என்று மேனேஜரிடம் கெஞ்சினார். நீ அன்றைக்கு லீவு. எனக்கு நல்லது நடந்த நாளிலெல்லாம் நீ லீவுதான்.

மற்ற நாளில் அளவு பார்க்கிற வெர்னியரோடு உட்கார்ந்திருப்பாய். சிவப்பு சாக்பீஸால் கோடு போட்டால் பீஸ் குப்பைக்கு. மஞ்சள் கோடு போட்டால் இன்னும் உயிர் இருக்கிறது, திருத்திக் கொண்டுவரலாம் என்று அர்த்தம். அதையும் வாயைத் திறந்து சொல்ல மாட்டாய். ட்ரேயில் போட்டுவிட்டு அடுத்த பீஸை எடுப்பாய். கடைந்தவன்தான் உன் மேஜைக்கு வந்து தேடிப் பார்க்கணும். கேட்டால், "ட்ரே அங்கதான கீது, பாரேன்" என்பாய். ஷாப்பில் உன்னைச் சபிக்காத டர்னர் கிடையாது. நான் கொஞ்சம் கூடுதலாகவே சபித்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரும் சீட்டாட, நீ மட்டும் ஷெட்டுக்குப் பின்னால் பைனாகுலரோடு நிற்பாய். "இன்னா மாமே, எதிர்த்த கம்பெனியில பொண்ணு பாக்குறியா?" என்று நான் ஓட்டினேன். நீ கழுத்திலிருந்த பைனாகுலரைக் கழற்றி என் கையில் கொடுத்தாய். கரண்ட் கம்பிமேல் ஒரு பஞ்சுருட்டான். கையளவுப் பச்சைக் குருவி, வாலில் ஊசி மாதிரி ஒரு நீட்டம். ஒரு தும்பியைப் பிடித்துவந்து கம்பியில் இரண்டு தட்டு தட்டி விழுங்கியது. வெயிலில் அதன் பிடரி செம்பு நிறத்தில் மின்னியது. பித்தளை, செம்பு, கன்மெட்டல் என்று நான் எத்தனையோ பாலிஷ் போட்டிருக்கிறேன், அந்த மினுக்கு ஒன்றிலும் வரவில்லை. அன்றைக்கு மணி அடித்தும் நான் டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை. உன்னிடம் "பசிக்கல" என்று சொன்னேன். அது பொய்.

ரிட்டயர் ஆன பிறகு அயனம்பாக்கம் ஏரிக்கரையில் தினம் காலையில் இரண்டு பேரும். அங்கேயும் நீ இன்ஸ்பெக்ஷன் மேஜையைப் போட்டுவிட்டாய். இரண்டு பேரும் பார்த்தால் நோட்டில் ஏறும். ஒருத்தன் மட்டும் பார்த்தால் மற்றவன் மூன்று கேள்வி கேட்கணும்: எங்கிருந்து வந்தது, என்ன செய்தது, எவ்வளவு பெரிசு. மூன்றும் சரியாக இருந்தால்தான் எழுதுவாய். நான் எது சொன்னாலும் மூன்றாவது கேள்வியில் பிடிப்பாய். "கண்ணால பாத்ததச் சொல்லு. வாயால பாத்ததச் சொல்லாத." இந்த ஒரு வரியை எத்தனை தரம் சொல்லியிருப்பாய்? ஆயிரம் தரம். சரி, நூறு.

அந்த வானகரம் ஃப்ளாட்டுக்காரர்கள் பிள்ளைகுட்டியோடு பறவை பார்க்க வந்த நாளை மறக்கவே மாட்டேன். எல்லாரும் கம்ப்யூட்டர் உத்தியோகம். என்னைச் சுற்றி நின்று வாயைப் பார்த்தார்கள். போன மாதம் இந்த ஏரியில் எண்ணூறு பூநாரை இறங்கி, தண்ணீரே ரோஸ் கலராகிவிட்டது என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அந்த ரோஸ் கண்ணில் தெரிந்தது. நீ பின்னாலிருந்து, "ஒண்ணுகூட வரல. கொக்கு வந்துச்சு, பதினாலு" என்றாய். பிள்ளைகள் சிரித்தன. திரும்பி நடக்கும்போது நான் உன்னோடு பேசவில்லை. நீ கவனிக்கக்கூட இல்லை. வழியெல்லாம் முக்குளிப்பானை எண்ணிக்கொண்டு வந்தாய்.

இதெல்லாம் சில்லறை. முந்தின தை மாசத்து விஷயத்துக்கு வருகிறேன்.

அன்றைக்கு உனக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் தனியாக மேற்குக் கரையில் நின்றேன். பனைமரத்திலிருந்து பருந்து மாதிரி ஒன்று கிளம்பியது. வயிறு வெள்ளை, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை. ஏரிக்கு நடுவே வந்து அப்படியே நின்றது. லேத் சக்கில் மாட்டி சென்டர் பார்த்த பீஸ் போல, உடம்பு துளியும் ஆடாமல், இறக்கை மட்டும் அடித்துக்கொண்டு. பிறகு இறக்கையை ஒடுக்கிக் காலை முன்னால் நீட்டிக்கொண்டு விழுந்தது. தண்ணீர் வெடித்தது. எழுந்தபோது காலில் மீன். ஒரு தரம் உடம்பைச் சிலிர்த்தது. அந்தத் தண்ணீர்த் துளிகளில் வெயில் பட்டுத் தெறித்ததை இந்த வாயால் பெரிசுபடுத்த முடியாது. நான் முயற்சிகூடச் செய்யவில்லை. நேராக உன் வீட்டுக்கு ஓடிவந்தேன்.

நீ கட்டிலில் உட்கார்ந்து முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாய். ஏரியில் புதுசாக ஒருத்தனைப் பார்த்தேன் என்றேன்.

"எங்கேர்ந்து வந்தான்?"

"மேற்க, பனமரத்துலேர்ந்து."

"இன்னா பண்ணான்?"

"மேலயே நின்னான் மாமே. கால நீட்டிகினு உய்ந்தான். மீனத் தூக்கிகினு போனான். மீனு தல முன்னால, வால் பின்னால. தண்டவாளத்துல ரயில் போற மாதிரி."

நீ தேய்ப்பதை நிறுத்தினாய். "விராலடிப்பான்" என்று உனக்குள்ளேயே சொல்லிக்கொண்டாய். மீனை அப்படி நேராகப் பிடித்துக்கொண்டு போவது அவன் மட்டும்தான் என்று உனக்குத் தெரியும். நான் எந்தப் புத்தகமும் படிக்கிறவன் இல்லை என்பதும் தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்தாய். முப்பது வருஷத்துக்கு மேல் பழகியதில் முதல் தடவையாக நீ என்னை நம்பினாய். அந்த முகத்தை நான் பார்த்துவிட்டேன், அங்கேதான் வந்தது வினை.

"மீனு எவ்ளோ பெருசு?"

அது ஒரு சாண் ஜிலேபிக் கெண்டை. எந்த மீன்காரியும் கூறு கட்டி விற்கிற ஜிலேபி. ஆனால் நீ நம்பிய அந்த நிமிஷத்துக்கு ஒரு சாண் மீன் போதாது என்று எனக்குப் பட்டது. விராலடிப்பான் என்று பேர் வேறு சொல்லிவிட்டாய். கையை முழங்கை வரைக்கும் நீட்டினேன். "ஒரு முழம். விரால். போறப்ப என்னிய ஒரு பார்வ பாத்தான் பாரு."

நீ எழுதத் திறந்த பேனாவை மூடினாய். "வாயால பாத்துட்ட."

"யோவ், பறவ நெஜம்யா."

"மீனு?"

எழுந்து வந்துவிட்டேன். வாசலில் நின்று, நீ செத்தால்தான் இந்த வீட்டுப் படி ஏறுவேன் என்றும் சொன்னேன். நீ சொல்லுக்குச் சொல் அளந்துதானே கேட்பாய், அதையும் அப்படியே எடுத்துக்கொண்டாய்.

பத்து மாதம். நீ கிழக்குக் கரை, நான் மேற்குக் கரை. நான் பைனாகுலரைத் தூக்கி நாணலைத் தேடுவேன், நாணலுக்கு மேலே நீ இருப்பாய். உன் பைனாகுலரும் என் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு பேரும் சட்டென்று நீர்க்காகத்தைப் பார்ப்பது போல நகர்த்திக்கொள்வோம். கார்த்திகையில் ஒரு வாரம் உன் கரையில் ஆளில்லை. நானும் வீம்பை விட்டுக்கொடுக்காமல் மேற்கிலேயே நின்றேன். அப்புறம்தான் சேதி வந்தது.

நேற்று அந்தத் தைப் பக்கத்தைத் தேடி எடுத்தேன். உன் எறும்புக் கையெழுத்து. "விராலடிப்பான். மேற்குக் கரை. மீன் தலை முன்னால், சரி. மீன் அளவு" என்று எழுதி அதற்குப் பக்கத்தில் இடம் விட்டிருக்கிறாய். அந்த வரிக்குக் கீழே ஒரு கோடு. பென்சிலில். மஞ்சள்.

பார்த்ததும் நோட்டைத் தூக்கி எறிந்தேன். சுவரில் பட்டு அட்டை கிழிந்துவிட்டது. சிவப்பு இல்லையாம், மஞ்சளாம். திருத்திக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வாராம். ஷாப்பில் உன் மேஜை இருந்தது, ட்ரே இருந்தது, நான் வந்து பார்த்தேன். உன் வீட்டு அலமாரியில் மூடிவைத்த நோட்டை நான் எப்படி வந்து பார்ப்பேன்? ஏரிக்கு அந்தக் கரையிலிருந்து ஒரு கை தூக்கக் கூடாதா? பத்து மாதம் என்னைப் பைனாகுலரில் பார்க்கத் தெரிந்தவனுக்கு, "மீனு எவ்ளோடா?" என்று இன்னொரு தரம் கேட்கத் தெரியவில்லை. நானே வந்து சொல்லியிருக்கலாமே என்று நீ கேட்பாய். கேட்காதே. அதை நான் ராத்திரியெல்லாம் கேட்டு முடித்துவிட்டேன்.

காலையில் அட்டையை ஒட்டினேன். காலி இடத்தில் "ஒரு சாண். ஜிலேபி." என்று எழுதினேன். என் கையெழுத்து பெரிசு, இரண்டு வரியை அடைத்துக்கொண்டது. திருத்திய பீஸுக்கு இன்ஸ்பெக்டர் கையெழுத்து வேண்டும். அந்த இடம் அப்படியே கிடக்கிறது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போனவன் நீதான், நான் இல்லை.

பிறகு ஏரிக்குப் போனேன், கிழக்குக் கரைக்கு. அந்தப் பக்கம் வெயில் கண்ணில் அடிக்காது என்று சொல்லிக்கொண்டேன். அங்கே அந்த ஃப்ளாட்டுப் பெண் ஒன்று, பெரிய கேமராவோடு நின்றது. பூநாரைக் கதைக்குச் சிரித்த பிள்ளைகளில் ஒன்றின் அம்மா. எதிர்க்கரைப் பனைமரத்திலிருந்து விராலடிப்பான் கிளம்பினான். நின்றான், விழுந்தான், தூக்கினான். அந்தப் பெண் கேமராவைத் தூக்குவதற்குள் போய்விட்டான்.

"அங்கிள், நீங்க பார்த்தீங்களா? மீன் எவ்ளோ பெரிசு இருக்கும்?"

நல்ல கேள்வி. நீ இல்லை, வெர்னியர் இல்லை, படமும் எடுக்கவில்லை. நான் ஒரு கஜம் என்று சொல்லியிருந்தாலும் அந்தப் பெண் போய் ஆபீஸ் முழுக்கச் சொல்லியிருக்கும். கையை நீட்டினேன். முழங்கை வரைக்கும் போகவேண்டிய கை பாதியில் நின்றுவிட்டது.

"ஒரு சாண்தாம்மா. ஜிலேபி."

அந்தப் பெண்ணுக்குச் சப்பென்று ஆகிவிட்டது, முகத்தில் தெரிந்தது. என்னை இப்படிக் கெடுத்து வைத்துவிட்டுப் போனவன் நீ. இதற்கு மட்டும் உன்னை விடவே மாட்டேன்.