மலை வெடித்த அன்று தோட்டத்து மணி

பிள்ளை,

உங்கள் மகள் நேற்று லுணுகலையிலிருந்து கடைக்கு வந்திருந்தாள். கையில் பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலம். "அப்பா கண்ண மூடுறப்ப இத ஒங்க கையில குடுக்கச் சொல்லிட்டுத்தான் போனாருங்க நானா. நான்தான் மூனு மாசமா வர முடியாம இருந்துட்டேன்" என்றாள். முஸ்லிம் வீட்டில் அண்ணனைக் கூப்பிடுவது போல 'நானா' என்றுதான் உங்களைப் போலவே அவளும் என்னைக் கூப்பிடுகிறாள். முடிச்சை அவிழ்த்ததும் அடுப்புச் சாம்பல் வாடை அடித்தது. உள்ளே நான் உங்களுக்குக் கொடுத்த ஈயக் குண்டு, அடியில் ஊசியோடு அப்படியே இருந்தது. அதன் கீழே ஞாயிறு தோறும் நீங்கள் எழுதிவந்த கொப்பி.

அவள் போனபின் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். பதுளைக் கடைத்தெருவில் கடிகாரம் பழுது பார்க்கிறவன் கடை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா. சுவர் முழுக்கக் கடிகாரங்கள், எல்லாம் ஓயாமல் பேசும். பேச்சுக்குப் பதில் சொல்ல ஆள்தான் இல்லை. மனைவி போய்ச் சேர்ந்தாள், பிள்ளைகள் கொழும்பில் தங்கிவிட்டார்கள். மாதம் ஒரு ஞாயிறு மடுல்சீமையிலிருந்து பசறை வழியாக நீங்கள் நடந்து வருவீர்கள். அந்த ஒரு நாள்தான் எனக்கு மாதம். இப்போது மாதங்கள் கணக்கில்லாமல் போகின்றன.

கொப்பியைத் திறக்கப் பயமாக இருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

நாம் இருவரும் இளவட்டமாக இருந்த காலம். ஒரு திங்கட்கிழமை முற்பகல், கிழக்கே எங்கோ பீரங்கி சுடுவது போல் அடுத்தடுத்துச் சத்தம் கேட்டது. ரோட்டுக்குப் பாறை உடைக்கிறார்கள் என்று பதுளையில் எல்லோரும் சொன்னோம். நானும் அப்படித்தான் நினைத்தேன், ஆனாலும் தொழில் பழக்கத்தில் நிமிர்ந்து மணியைப் பார்த்து வைத்தேன். மடுல்சீமையில் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையாக இருந்த நீங்கள், ஆட்கள் சிரிக்கச் சிரிக்க மலையிலிருந்து ஆபீசுக்கு ஓடி, அங்கே மாட்டியிருந்த மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தை எழுதினீர்கள். "வெடி வச்சா கல்லு உருளணும்ல நானா. ஒரு கல்லும் உருளல. இது பக்கத்துச் சத்தமில்ல" என்று பின்னால் என்னிடம் சொன்னீர்கள்.

நீங்கள் சொன்னதுதான் சரியாக இருந்தது. கடலுக்கு அப்பால், சுமாத்திராவுக்கும் தெற்கே, ஒரு தீவே மலையோடு வெடித்துப் போனதாகத் தந்தி வந்தது. சத்தம் கேட்டவர்கள் கேட்ட நேரத்தை எழுதிக் கொடுங்கள், சீமைக்கு அனுப்புகிறோம் என்று அரசாங்கக் கச்சேரியில் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் அடுத்த ஞாயிறு விழுந்தடித்து வந்தீர்கள். அன்று காலையில் சூரியன் பச்சையாக எழுந்திருந்தது, ஞாபகம் இருக்கிறதா? தெருவே வெளியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. உலகம் அழியப் போகிறது என்று சிலர் அழுதார்கள். நீங்கள் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி இருந்தீர்கள். "அங்க வெடிச்ச தூசிதான் நானா இங்க வந்திருக்கு. பூமி ஒன்னுதான். அங்க ஆடுனா இங்க தெரியாம போகுமா?"

பிறகு கடைக்குள் வந்து, எழுதுவதற்குக் காகிதத்தை விரித்துக்கொண்டு கேட்டீர்கள். "நம்ம தோட்டத்து மணி இப்பவும் இருபது நிமிஷம்தானே முந்தி?"

தோட்டத்து மணி முந்தி ஓடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த இரகசியம். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு அந்த மணிப்படி நடக்கும். மாலையில் வேலை விடுவது மணிப்படி இல்லை, துரை கொம்பு ஊதச் சொல்லும்போதுதான். அதனால் மணி எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவும் துரைக்கு இலாபம். இருபது நிமிஷம் என்பது உங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாதது வேறொன்று. சத்தம் கேட்பதற்கு ஒரு வாரம் முன்பு துரை என்னை மடுல்சீமைக்கு வரவழைத்து, மணியை இன்னும் இருபத்தைந்து நிமிஷம் முந்தி வைக்கச் சொன்னார். வைத்தேன். வெளியில் சொன்னால் ஊவாப் பக்கத்தில் ஒரு தோட்டத்து மணியையும் நீ தொட முடியாது என்றார். ஆட்கள் இருட்டில் எழுந்து நின்றுவிட்டு, பனி மூட்டம் அதிகம் என்று நினைத்துக்கொண்டார்கள். உங்களிடம் வேறு கடிகாரமா இருந்தது, சரிபார்க்க?

"ஓ, அதேதான்" என்றேன். உங்கள் முகத்தைப் பார்க்காமல், கையில் இருந்த சக்கரத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னேன்.

இருபதைக் கழித்து எழுதிக் கொடுத்தீர்கள். ஒரு மாதம் கழித்துக் கச்சேரியில் சொல்லிவிட்டார்கள். பதுளையில் கேட்ட சத்தம் மடுல்சீமைக்குப் போய்ச் சேர அரை மணி ஆகாது, இவர் எழுதியது பிழை, சேர்க்க முடியாது என்று. கடைக்கு வந்து உட்கார்ந்தீர்கள். "என் காது கெட்டுப்போச்சா நானா?" என்று மட்டும் கேட்டீர்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் கோழை, பிள்ளை. சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகத்தான் அந்த ஈயக் குண்டைக் கொடுத்தேன். பழைய கடிகாரம் ஒன்றில் தொங்கியது. அதன் அடியில் ஊசி பதித்து, உத்தரத்தில் கட்டி, தட்டில் சாம்பலை வழித்துப் பரப்பி, ஊசி முனை தொட்டும் தொடாமலும் தொங்கவிட்டால் பூமி அசைந்தால் கோடு விழும் என்றீர்கள். விழுந்தது. பெரட்டுக்குத் தப்புப் பறை அடித்தால் விழுந்தது. காப்பி போய்த் தேயிலை வந்து, பக்கத்தில் ஃபேக்டரி எழும்பி, இலை அரைக்கும் மெஷின் ஓடத் தொடங்கியதும் சாம்பல் முழுக்கக் கிறுக்கல். "வாரத்துல ஆறு நாளு துரைக்கு நானா, ஞாயித்துக்கெழம மட்டும்தான் பூமிக்கு" என்று சிரித்தீர்கள். எந்த நாட்டில் பூமி அதிர்ந்தது, எந்த மலை புகைந்தது என்று பத்திரிகையில் வந்ததை எல்லாம் நான் கத்தரித்து வைப்பேன். நீங்கள் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்து, "நமக்குத் தெரியல" என்பீர்கள். கொழும்பில் மண்ணதிர்ச்சி பார்க்கக் கருவி வைத்திருக்கிறார்களாம் என்று நான் சொன்ன நாளில் உங்களுக்கு வந்த சந்தோசத்தை மறக்க முடியாது. "அப்ப கூட்டாளி ஒருத்தன் இருக்கான்" என்றீர்கள்.

அதற்குள் உங்களை மலை உச்சியிலிருந்த மேல் டிவிஷனுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். கணக்கப்பிள்ளை பெரட்டில் பேர் கூப்பிட்டு முடிப்பதற்குள் விடிந்துவிடுகிறது என்று துரை கோபித்தாராம். வயதாகிறது, கண் தெரியவில்லை போலும் என்று நானும் பேசியவன்தான். அப்போது உங்களுக்கு நாற்பதுகூட ஆகவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அந்த உச்சியில் பேச்சுத் துணைக்கு ஒருவரும் இல்லாமல், சாம்பல் தட்டோடு இத்தனை வருசம் இருந்தீர்கள்.

நேற்றுத்தான் கொப்பியைப் படித்தேன். பக்கம் பக்கமாக ஞாயிற்றுக்கிழமைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே வரி: கோடு இல்லை. பத்திரிகையில் பெரிய நாசம் வந்த வாரங்களில்கூட, கோடு இல்லை. ஆரம்பப் பக்கங்களுக்குத் திரும்பினேன். கச்சேரியில் தள்ளுபடி செய்த நாளுக்குக் கீழே உங்கள் குண்டு குண்டான எழுத்து.

"பதுளை நேரத்துக்கும் என் நேரத்துக்கும் இருபத்தைந்து நிமிஷம் வித்தியாசம். சத்தம் வழியில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருக்காது. என் காதும் கெடவில்லை. மணிதான் முந்தி. நாற்பத்தைந்து. நானாவுக்குத் தெரியும். திருத்தி எழுதிக் கொடுத்தால் துரைக்குத் தெரிந்துபோகும், நானா பிழைப்புப் போகும். இருக்கட்டும். நாளை முதல் பெரட்டில் ஒவ்வொரு பேரையும் இரண்டு தரம் கூப்பிடுவது."

அதற்கும் கீழே, வேறு மையில், வேறொரு நாளில் எழுதியது: "நானாவிடம் கேட்கக் கூடாது. கேட்டால் அவர் முகம் கொடுக்க மாட்டார். எனக்குப் போக வேறு கடை இல்லை."

கடல் கடந்து வந்த சத்தத்தை வைத்துத் தோட்டத்து மணியின் பொய்யைப் பிடித்துவிட்டீர்கள். திருடிய நிமிஷங்களைத் தினம் தினம் மெதுவாகப் பேர் கூப்பிட்டு ஆட்களுக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். அதற்காக உச்சிக்கு ஏறினீர்கள். அத்தனை ஞாயிறும் என் எதிரில் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களுக்குத்தான் வேறு கடை இல்லை என்றா நினைத்தீர்கள்? இந்தக் கடைக்கும் வேறு ஆள் இல்லை, பிள்ளை. அந்தப் பயத்தில்தான் நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு பேரும் ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு கிழவர்களானோம்.

இன்று ஞாயிறு. குண்டைக் கடை உத்தரத்தில் கட்டி, சாம்பல் வழித்துத் தட்டை வைத்திருக்கிறேன். சுவரில் இருந்த கடிகாரங்களை எல்லாம் நிறுத்திவிட்டேன், அவை அடிக்கும் அதிர்வு சேரக்கூடாது என்று. கடை இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கோடு இல்லை. உங்கள் கொப்பியில் அடுத்த வரியில் அதை எழுதினேன். அதற்கும் கீழே, நீங்கள் அன்று காகிதத்தை விரித்து வைத்துக் கேட்டதற்கான பதிலை எழுதினேன்.

இருபது இல்லை பிள்ளை. நாற்பத்தைந்து.