துணைக்கு யாருங்க வந்திருக்கீங்க?

என் அருமை மாப்ளே சாதிக்,

நீ போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. எங்கே அனுப்புவது என்று தெரியாததால் பொதுவில் எழுதுகிறேன். யாராவது படித்தால் படிக்கட்டும். என்னை மாதிரி ஒரு சங்கதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, கேட்பதற்கு ஆள் இல்லாமல் திரிகிறவன் இந்த ஊரில் இன்னும் ஒருத்தனாவது இருப்பான்.

டாக்டர் என்னிடம் சுன்னத் செய்துகொள்ளலாம் என்று சொன்னார் மாப்ளே. சிரித்துவிட்டாயா? சிரித்து முடி, காத்திருக்கிறேன்.

எல்லாம் சர்க்கரை செய்த வேலை. நீ இருக்கும்போதே டீக்கடையில் என் கிளாசைப் பார்த்து, "சக்கரையில கொஞ்சம் டீ ஊத்திக் குடிக்கிறான் பாரு" என்பாயே, அது பலித்துவிட்டது. சர்க்கரை வந்தவர்களில் சிலருக்கு அந்த இடத்துத் தோல் புண்ணாகிப் புண்ணாகி இறுகிவிடுமாம். ஒன்றுக்குப் போவதற்கே பல்லைக் கடிக்க வேண்டியிருந்தது. களிம்பு போட்டால் ஆறும். கொஞ்ச நாளில் திரும்ப வரும். பட்டறையில் மோட்டாருக்குக் காயில் கட்ட உட்கார்ந்தால் எழுந்திருக்கவே பயமாக இருந்தது.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப அவசரம் ஒண்ணுமில்லீங்க. பண்ணிக்கிட்டாத் தொல்லை விடும். வேண்டாம்னா களிம்பு போட்டே ஓட்டலாம். உங்க இஷ்டந்தானுங்க" என்றார்.

உங்க இஷ்டம். இந்த வயதுவரை என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஐ.டி.ஐ.யில் சேர்த்தது அப்பா. பட்டறைக்கு கணபதியில் இடம் பார்த்தது மாமா. வந்த சம்பந்தங்களையெல்லாம் வேண்டாம் என்று தட்டிவிட்டது அக்கா. முதன்முதலாக ஒரு விஷயத்தை என்னிடமே விட்டிருக்கிறார்கள். அதுவும் என்ன விஷயம் பார்.

எழுந்து வரும்போது டாக்டர் இன்னொன்றும் சொன்னார். செய்துகொள்வதாக இருந்தால் துணைக்கு ஒரு ஆளைக் கூட்டி வர வேண்டும். தலையை ஆட்டிவிட்டு வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன். கணபதி பஸ் வந்தது, போனது. அடுத்ததும் வந்தது, போனது. யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன், ஒரு முகமும் வரவில்லை. வந்தது உன் முகம் ஒன்றுதான். ஒரு மனிதனுக்குச் சிநேகிதன் செத்துப்போவது என்றால் என்ன என்று உன்னை அடக்கம் செய்த மையவாடியில் எனக்குத் தெரியவில்லை மாப்ளே, அந்த பஸ் ஸ்டாப்பில்தான் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காரமடைக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்காவிடம் இதைப் பேச முடியுமா? மாமாவிடம்தான் சொல்ல வேண்டும். தோட்டத்து மோட்டார் சத்தம் சரியில்லை என்று சாக்குச் சொல்லி அவரை மோட்டார் ரூமுக்கு அழைத்துப் போனேன். ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து, அதற்குள் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் வரவில்லை.

மாமா வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார். பிறகு, "நம்ம சனத்துல எவனாச்சும் அதப் பண்ணிருக்கானா பழனி? ஊரு கெடக்கற கெடப்புல, நாளைக்கு நாலு பேரு வேட்டியத் தூக்கிப் பாத்தானுகன்னா, நீ ஆருன்னு சொல்லுவ?" என்றார். களிம்பே போதும், அக்கா காதுக்கு இது போக வேண்டாம் என்றும் சொன்னார். ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து அனுப்பி வைத்தார்.

நீ போன பிறகு ஊரில் கலவரம் அது இது என்று என்னென்னவோ நடந்துவிட்டது. அதையெல்லாம் உனக்கு எழுத எனக்கு மனசில்லை. இப்போது கடைக்குக் கடை பெயர்ப் பலகையைப் பார்த்துத்தான் ஜனங்கள் உள்ளே போகிறார்கள். எங்கள் வீதிப் பட்டறைக்காரர்கள் எரிந்த காயிலில் கிழித்தெடுக்கும் பழைய காப்பரை வேறு கடைக்குப் போடுகிறார்கள். நான் மட்டும் இன்னமும் உக்கடத்துக்கு, உன்னைப் பெற்ற அத்தாவின் பழைய இரும்புக் கடைக்கே கொண்டுவந்து போடுகிறேன். அதற்கு எனக்குப் பின்னால் ஒரு பட்டப்பெயர்கூட வைத்திருக்கிறார்கள். நீ கேட்டால் சிரிப்பாய், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மாமா கேட்டது மேட்டுப்பாளையம் ரோடு முழுக்க என்கூடவே வந்தது. பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. கத்திக்குப் பயம் என்றால்கூடச் சொல்லிக்கொள்ளலாம். என்னை நீ என்று நினைத்துவிடுவார்களோ என்றுதான் பயந்தேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து அதை அப்படியே மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். சொன்னதும் எனக்கே வெட்கமாகிவிட்டது. என்னைப் பயமுறுத்துகிற அந்த உடம்பை வைத்துக்கொண்டுதானே நீ இந்த ஊரில் டிவிஎஸ் ஐம்பதில் பாட்டுப் பாடிக்கொண்டு சுற்றினாய். உனக்குப் பயமாக இருந்ததா மாப்ளே? நான் ஒரு நாளாவது கேட்டிருக்கிறேனா?

செய்துகொள்வது என்று அந்த பஸ்ஸில்தான் முடிவு செய்தேன். நோவு எனக்கு, உடம்பு என்னுடையது. எவனோ வேட்டியைத் தூக்குவான் என்று என் உடம்பை நான் ஏன் புண்ணாகவே வைத்திருக்க வேண்டும்? முடிவு செய்ததும் உன் சுன்னத் கதைதான் ஞாபகம் வந்தது. மாலை போட்டு, ஜிகினாத் தொப்பி வைத்து, குதிரை வண்டியில் ஊர்வலம் கூட்டிப் போனார்களாம். கல்யாணம் என்று எல்லாரும் சொன்னதை நம்பி, பொண்ணு எங்கே என்று நீ கேட்டுக்கொண்டே போனாயாம். எத்தனை தடவை சொல்லியிருப்பாய், எத்தனை தடவை நான் டீயைச் சிந்தியிருப்பேன்.

ஆனால் துணைக்கு ஆள்? அதற்கு அத்தாவை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை. காப்பர் போடுகிற சாக்கில் கடைக்குப் போனேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "ஏனுங்கத்தா, சுன்னத் பண்ணிக்கிட்டா ரொம்ப வலிக்குங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அத்தா தராசுத் தட்டை அப்படியே விட்டுவிட்டார். எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கினார். சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினார். குரலைத் தாழ்த்தி, "எவளையாச்சும் மனசுல வெச்சுட்டியா கண்ணு? எங்க சனத்துப் புள்ளையா? வேண்டாங் கண்ணு. இந்த நேரத்துல இது வேண்டாம். உனக்கும் ஆபத்து, அந்தப் புள்ளைக்கும் ஆபத்து" என்றார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது அவருக்கு.

இந்த வயதில், இந்தத் தொப்பையோடு, எனக்கு ஒரு காதல் இருக்கும் என்று உலகத்தில் நம்பிய ஒரே ஜீவன் உன் அத்தாதான் மாப்ளே. உண்மையைச் சொல்லி, துணைக்கு ஆள் வேண்டும் என்றேன். அவர் சிரிக்க ஆரம்பித்தார். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். நீ போன பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவேயில்லை. குதிரை வண்டி இப்போது கிடைக்காது, ஆட்டோதான் என்றார். எந்தக் கிழமை என்று மட்டும் கேட்டுக்கொண்டார். அடுத்த நாளே போய் டாக்டரிடம் கிழமை வாங்கிவந்து சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா, "பழனிசாமிக்குத் துணைக்கு யாருங்க வந்திருக்கீங்க?" என்று வராந்தாவைப் பார்த்துக் கேட்டார். அத்தா தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்து, "நானுங்க. அவனுக்கு அத்தா" என்றார். நர்ஸம்மா அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஊசி எடுக்கப் போய்விட்டார். இடுப்புக்குக் கீழே மரத்துப்போய்ப் படுத்திருந்தபோது மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. உன் சுன்னத்தில் வெட்டும் நேரத்தில் மேலே குருவி பார் என்று உன்னை ஏமாற்றினார்களே, எனக்கு அதைச் சொல்லவும் ஆள் இல்லை. நானே பார்த்துக்கொண்டேன்.

வேட்டி சரிப்படாது என்று அத்தா ஒரு கைலி கொண்டுவந்திருந்தார். நீ வாங்கிக் கட்டாமலே விட்டுப்போன பச்சைக் கட்டம் போட்ட கைலி. கம்பெனி சீட்டுகூடக் கிழிக்கவில்லை. கணபதியில் தனியாகக் கிடந்து என்ன செய்வாய், ரெண்டு நாள் நம்மூட்டில் இரு என்று சொல்லி ஆட்டோவில் ஏற்றினார்.

உக்கடத்துக்குள் திரும்பும் இடத்தில் போலீஸ் தடுப்பு இருக்கிறதே, அங்கே ஆட்டோவை நிறுத்தினார்கள். அதைத் தாண்டி நான் எத்தனையோ முறை வந்திருக்கிறேன், என்னை ஒருமுறையும் நிறுத்தியதில்லை. அன்றைக்கு நான் இருந்த கோலத்தை நினைத்துப் பார். சவரம் செய்யாத முகம், கைலி, பக்கத்தில் தொப்பி போட்ட அத்தா. போதாததற்குத் துணி உரசக்கூடாது என்று கைலியை முன்னால் தூக்கிப் பிடித்திருந்தேன். உங்கள் வீதியில் இருக்கும் சின்னப் பிள்ளைகூட அந்தப் பிடியைப் பார்த்தால் என்னவென்று சொல்லிவிடும். போலீஸ்காரர் வெளியூர்.

"கைலிக்குள்ள என்னடா ஒளிச்சு வெச்சிருக்க? எறங்குடா கீழ."

 மாமா கேட்ட கேள்வி நேரில் வந்து நின்றது. அத்தா அவசரமாகச் சட்டைப்பையில் இருந்து பாலிதீன் உறையில் போட்ட ரேஷன் கார்டு நகலை எடுத்து நீட்டினார். மகனுக்கு சுன்னத் செய்து கூட்டிவருகிறேன் என்று சொன்னார். இந்த வயதிலா என்று போலீஸ்காரர் நம்பவில்லை. லத்தியால் ஆட்டோக் கம்பியைத் தட்டி என் பெயரைக் கேட்டார்.

பழனிசாமி என்றேன். எந்த ஊர் என்றார். கணபதி, பட்டறை வைத்திருக்கிறேன் என்றேன். சட்டைப்பையில் இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டையும் எடுத்துக் காட்டினேன்.

அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். "மொதல்லயே சொல்லக் கூடாதுங்களாண்ணா? பாத்துப் போங்க" என்றார். எனக்குத்தான் சொன்னார், அத்தாவுக்கு இல்லை. அத்தாவின் கார்டை அவர் மடியில் போட்டுவிட்டுப் பின்னால் நின்ற வண்டிக்குப் போனார்.

அத்தா அதை நிதானமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். கையில் நடுக்கமே இல்லை. நிறைய நாள் செய்து பழகிய கை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வலிக்கிறதா கண்ணு என்று கேட்டார். இல்லீங்கத்தா என்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பட்டறைக்குக் காப்பர் எடுக்க நீ நேரம் கழித்து வரும் நாளெல்லாம் நான் உன்னைத் திட்டுவேன். நீ கன்னத்தைச் சொறிந்துகொண்டு, "வண்டி பஞ்சராயிருச்சு மாப்ளே" என்பாய். வேறு ஒன்றும் சொல்லமாட்டாய். நீ இருந்தபோதே அந்தத் தடுப்பு அங்கே இருந்தது. ஒரு டிவிஎஸ் ஐம்பது அத்தனை தடவையா பஞ்சராகும்?

புண் ஆறிக்கொண்டு வருகிறது. முட்டையும் சூப்புமாகக் கொடுத்து என்னைப் பிள்ளைத்தாய்ச்சி மாதிரி பார்த்துக்கொள்கிறார் அத்தா. உன் அறையில் உன் கட்டிலில்தான் படுத்திருக்கிறேன். உன் சம்சாரம் குழந்தைகளோடு உடுமலைப்பேட்டையில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். மூவரும் சுகம், கடிதம் வருகிறது. வீட்டில் அத்தா மட்டும்தான். பகலில் அவர் கடைக்குப் போன பிறகு இந்த வீட்டின் சத்தமே இல்லாத சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடக்கிறேன். என் வீட்டிலும் இதே சத்தம்தான். உன்னை இழந்துவிட்டு நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு மூலையில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

அத்தாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை மாப்ளே. தராசு முள்ளைத் தடவிப் பார்த்துத்தான் எடை சொல்கிறார். ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி நாளாகிவிட்டதாம். ஏன் போகவில்லை என்று காலையில் கேட்டேன். "தொணைக்கு ஆளக் கூட்டிட்டு வரச் சொல்றாங்க கண்ணு" என்றார்.

அதனால் உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நான் நடக்க ஆரம்பித்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். போகும்போதும் வரும்போதும் அந்தத் தடுப்பு வழியாகத்தான் போவோம், இதே கைலியைக் கட்டிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஆஸ்பத்திரியில் துணைக்கு யாருங்க என்று கேட்டால் எழுந்து நின்று மகன் என்று சொல்வேன். நீ கோவித்துக்கொள்ளாதே. உன் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை, நீ வரும்வரை பிடித்து வைத்திருக்கிறேன்.

உன் மாப்ளே,
உன் அத்தாவுக்கு மகன் முறை,
பழனிசாமி