பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே

தென்விளிம்புத் தளம், நிலா. பராமரிப்புப் பதிவு.
எழுதுவது: தெக்லா மச்சாது, பராமரிப்புப் பொறியாளர்.

நீள் இரவு, நாள் 2. காலை 07:10

காற்று சரி. தண்ணீர் சரி. சர்வர் அறையில் 19 டிகிரி. கழிவறை விசிறி மறுபடியும் கத்துகிறது, ஓங்கி ஒரு தட்டு தட்டினால் அடங்குகிறது.

தளத்தில் நான் ஒருத்திதான். மற்றவர்கள் போன வாரக் கலத்தில் பூமிக்குப் போய்விட்டார்கள். நூகுத்தம்பி மட்டும் அறுபது கிலோமீட்டர் தள்ளி வடக்குக் குடிலில் பாறை துளைக்கிறான். அவன் காயல்பட்டினம், நான் தூத்துக்குடி, ஆகவே எங்களுக்குள் மீன் குழம்பு பற்றிய சண்டை ஓய்வதில்லை. மாலைக்குள் திரும்பிவிடுவான்.

ஒரு குறை. இங்கே காற்று, சூடு, கதவு எல்லாவற்றையும் போனில் திறக்கும் ஒரு பக்கத்தில்தான் அமைக்கவேண்டும். பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் எண். எங்களுக்கு மலிவாக வாங்கித் தந்த போன்கள் வேறு ஏதோ நாட்டுச் சந்தைக்குச் செய்தவை. கீபேடில் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் காற்புள்ளி இருக்கிறது. தலைவி சுகிர்தாவின் சொந்த போனில் மட்டும் புள்ளி உண்டு. அரை, கால் என்று எதைப் போடவேண்டுமானாலும் "நல்ல போன் எங்கே?" என்று அவளைத் தேடுவோம். இரண்டு வருடம் அப்படியே ஓடிவிட்டது. போன வாரம் அவள் அதைப் பையில் போட்டுக்கொண்டே ஊருக்குப் போய்விட்டாள்.

இது பற்றி நான் போட்ட புகார்கள் எல்லாம் "மறுபடி நிகழ்த்திப் பார்க்க முடியவில்லை" என்ற குறிப்போடு மூடப்பட்டிருக்கின்றன. இன்று இன்னொன்று போட்டிருக்கிறேன்.

நாள் 2. மாலை 16:40

நூகுவின் வண்டி செத்துவிட்டது. பேட்டரி குளிரில் உறைந்து வெடித்திருக்கிறது. அவனுக்கு அடியில்லை. குடிலுக்குள் இருக்கிறான். என்னிடம் வேறு வண்டி கிடையாது.

தரைக் கட்டுப்பாட்டிலிருந்து சந்திரமௌலி: "ரெலீஃப் கலம் ஆறு நாள்ல குடில் பக்கத்துலயே இறங்கும் மேடம். தளம் தொடர்புல இருந்தாத்தான் கலத்தைக் கிளப்புவோம், அது ரூல். கவலைப்படாதீங்க."

கவலைப்படாமல் கணக்குப் போட்டேன். குடிலின் காற்றளவு 1 என்றால் கையிருப்பு நான்கு நாளுக்கு வரும். 0.6 என்றால், ஆள் பேசாமல் படுத்திருந்தால், ஆறு நாளைத் தாண்டும். 0.6 போடச் சொன்னேன். இங்கிருந்து நானே போட முடியாது. யார் மூச்சு விடுகிறாரோ அவர்தான் அளவு போடவேண்டும் என்று சட்டம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போட்டுக்கொண்டே இருக்கவேண்டும், உயிரோடு இருப்பதற்கு அத்தாட்சியாக. போடாவிட்டால் குடில் தானாக 1க்குப் போய்விடும்.

நாள் 2. மாலை 17:25

போட்டான். திரையில் "0,6" என்று அழகாகத் தெரிந்ததாம். "ஏற்கப்பட்டது" என்றும் வந்ததாம்.

நூகு: "அக்கா, இங்க ஒரே அமைதியா ஈக்குது. காத்தாடிச் சத்தமே கேக்கல."

நான்: "ஏல, உடனே ஒண்ணுன்னு போடு! ஒண்ணு! வேற எதையும் தொடாத!"

காற்றாடி மறுபடி சுற்றியது.

நடந்தது இதுதான். காற்புள்ளி போட்ட எண்ணைப் பெட்டி எண்ணாகவே ஒத்துக்கொள்ளவில்லை. கண்ணுக்குக் காட்டியது, ஆனால் வெறும் வெற்றிடத்தை அனுப்பியது. வெற்றிடத்தை வால்வு பூச்சியம் என்று எடுத்துக்கொண்டது. ஒரு மனிதனின் காற்றை மூடிவிட்டு ஏற்கப்பட்டது என்று நன்றியும் சொன்னது. இதைக் கட்டியவன் யாரோ, அவன் சாப்பாட்டில் உப்பில்லாமல் போகட்டும்.

நாள் 2. இரவு 19:50

முயன்றவை: போனின் மொழியை மாற்றினான். எழுத்துகள் மாறின, காற்புள்ளி மாறவில்லை. நான் செய்தியில் 0.6 என்று அனுப்பி, நகலெடுத்து ஒட்டச் சொன்னேன். பெட்டி புள்ளியை விழுங்கிவிட்டு 06 என்று வைத்துக்கொண்டது. ஆறு! அனுப்பு பொத்தானைத் தொடும் முன் அவன் பார்த்துவிட்டான்.

சந்திரமௌலி: "பெட்டிக்குப் பக்கத்துல மேலே கீழேன்னு ரெண்டு சின்ன அம்புக்குறி இருக்கும் மேடம். அதை அழுத்தினா பாயிண்ட் ஒண்ணு பாயிண்ட் ஒண்ணா ஏறும்."

நான்: "போன்ல அந்த அம்புக்குறியே வராது சார்."

சந்திரமௌலி: "இருக்கு மேடம், இதோ பாத்துட்டுதானே சொல்றேன்."

நான்: "நீங்க மேசைக் கம்ப்யூட்டர்ல பாக்கிய. அவன் கையில இருக்கது போனு. ஒரு தடவ உங்க போன எடுத்துத் திறந்து பாருங்க சார், கும்பிட்டுக் கேக்கேன்."

திறந்து பார்த்திருக்கிறார். பிறகு, "ஆமா மேடம். இல்ல," என்றார். மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்.

நாள் 3. காலை 06:15

மேலிடத்துப் பதில்: "பக்கம் சான்றளிக்கப்பட்டது. மாற்றத்துக்கு மூன்று வார மறுஆய்வு தேவை. தளப் பணியாளர் எதையும் தொடக்கூடாது."

நூகுவுக்கு மூன்று நாள் காற்று இருக்கிறது. பக்கம் இங்கே என் சர்வரில் இருக்கிறது. தொடப்போகிறேன். இதைப் படிப்பவர் விசாரணைக் குழுவாக இருந்தால், என் பெயரைப் பிழையில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்: தெக்லா மச்சாது.

நாள் 3. மதியம் 13:30

டிராயரில் கிடந்த பழைய போன்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினேன். ஆறு தேறின. எல்லாவற்றிலும் சரியாக வந்தால்தான் அனுப்புவேன்.

பழைய எண் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டேன். சாதாரண எழுத்துப் பெட்டி வைத்து, அதற்கு எண் கீபேடை மட்டும் வரவழைத்தேன். புள்ளியும் ஒன்றுதான், காற்புள்ளியும் ஒன்றுதான். வெற்றிடம் என்றால் வெற்றிடம், அது எங்கும் போகாது. பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்குக் கூட்டல், கழித்தல் பொத்தான்கள், உறை போட்ட கைக்கும் எட்டும்படி.

முதல் போனில் வேலை செய்தது. துள்ளிக் குதித்தேன், நிலாவில் அது கூரையில் தலை இடிக்கும் விஷயம். இரண்டாவதில் கூட்டலைச் சட்டென்று இரண்டு முறை தொட்டால் திரையே பெரிதாகி ஓடிவிடுகிறது. மூன்றாவதில் கீபேட் எழுந்து அனுப்பு பொத்தானை மூடிக்கொள்கிறது. நான்காவதில் பத்தில் ஒன்றை மூன்று முறை கூட்டினால் 0.3க்குப் பின்னால் வால் முளைக்கிறது: 0.30000000000000004. இந்த வாலை வால்வு எப்படிப் படிக்குமோ, யார் கண்டது? உள்ளே ஒன்று, இரண்டு, மூன்று என்று முழு எண்ணாகவே எண்ணிக் கடைசியில் பத்தால் வகுத்தேன். வால் போனது.

ஒவ்வொன்றாகச் சரி செய்கிறேன். ஒன்றில் சரி செய்தால் இன்னொன்றில் உடைகிறது. சாப்பிடவில்லை. பசிக்கவும் இல்லை, கோபமே வயிற்றை நிரப்பிவிட்டது.

நாள் 3. மாலை 18:05

ஆறிலும் ஒரே மாதிரி. அனுப்புமுன் எண்ணை எழுத்திலும் காட்டிக் கேட்கவைத்தேன். புதுப் பக்கத்தை ஏற்றினேன்.

நூகு: "அக்கா, பெரிய பொத்தான் வந்துட்டுது. அழுத்துதேன்... 'பூச்சியம் புள்ளி ஆறு, சரியா?'ன்னு கேக்குது."

நான்: "காத்தாடி சத்தத்தக் கேட்டுக்கிட்டே சரின்னு அழுத்து."

நூகு: "சுத்துது அக்கா. மெதுவா சுத்துது. நிக்கல."

அழுதேன். பதிவில் எழுதக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

நாள் 4. காலை 09:00

தரைக்குத் தெரிந்துவிட்டது. சர்வரை அவர்களே பூட்டிப் பழைய பக்கத்தை ஏற்றிவிட்டார்கள். எனக்கு அனுமதி ரத்து. கத்தினேன், பயனில்லை. தொடர்பைத் துண்டித்தால் கலம் கிளம்பாது. துண்டிக்காவிட்டால் பழைய பெட்டி.

ஆனால் நூகுவின் போனில் என் பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கிறது. மூடாத வரை, மறுபடி ஏற்றாத வரை, அது அங்கேயே இருக்கும். எண் நேராகக் குடிலின் வால்வுக்குப் போகும். அந்த போனில் இடம் குறைவு. வேறு எதையாவது திறந்தால் இந்தப் பக்கத்தைத் தூக்கி வெளியே போட்டுவிடும்.

நான்: "சார்ஜ்லயே போட்டு வை. வேற எதையும் தொடாத. போட்டோ கூட எடுக்காத."

நூகு: "அக்கா, வீட்ல இருந்து ஒரு படம் வந்து ஈக்குது. புது வீட்டு அடுப்படிக்கு டைல்ஸ். ரெண்டு கலராம், எது வேணும்னு ஆமினா கேக்குறா. மேல நின்னு மின்னிக்கிட்டே ஈக்குது."

நான்: "மின்னட்டும்ல. உயிரோட போயி நேர்ல பாத்துக்க."

அவன் இங்கே சிக்கியிருப்பது மனைவி ஆமினாவுக்கு இன்னும் தெரியாது. தரை சொல்லவில்லை.

நாள் 6. இரவு 20:20

0.6, 0.6, 0.6. இரண்டு நாளாக நான் படித்த ஒரே கவிதை. நூகு குறைவாகப் பேசுகிறான். நல்லதுதான்.

சந்திரமௌலி, தாழ்ந்த குரலில்: "மேடம், கலம் கிளம்பிடுச்சு. நிலாப் பாதையில ஏறியாச்சு. இனிமே தளம் பேசினாலும் பேசாட்டாலும் அதைத் திருப்ப மாட்டாங்க. நான் சொல்லல, நீங்க கேக்கல."

அந்த மனிதரைத் திட்டியதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன். பாதியை மட்டும்.

நாள் 7. காலை 04:35

நூகு: "அக்கா, தப்புப் பண்ணிட்டேன். படத்தத் திறந்துட்டேன். கொஞ்ச நேரம் அவ அனுப்புனதப் பாக்கணும்போல இருந்துச்சு. நீங்க குடுத்த பக்கத்தக் காணோம். வெள்ளையா சுத்திக்கிட்டே ஈக்குது."

அவன் போன் சர்வரிடம் பக்கம் கேட்கிறது. சர்வர் பழையதைத்தான் கொடுக்கும். அவனுக்குப் பேச்சே குழறுகிறது. பழைய பெட்டி வந்தால் பழக்கத்தில் காற்புள்ளியைப் போட்டுவிடுவான்.

சர்வரின் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டேன்.

தரையோடு பேச்சு போய்விட்டது. தளத்தின் சூடும் அதோடு போகும், அதையும் இந்தச் சர்வர்தான் நடத்தியது. குடிலோடு பேசும் இணைப்புப் பெட்டிக்குத் தனி பேட்டரி, ஆகவே நூகுவோடு பேசலாம். என் பக்கத்தை டிராயர் போன் ஒன்றில் வைத்து, சர்வர் இருந்த இடத்தில் அதைக் கோர்க்கிறேன். காற்புள்ளி போன்தான். இருக்கட்டும்.

நாள் 7. காலை 05:20

நூகு: "வந்துட்டுது அக்கா. பூச்சியம் புள்ளி ஆறு. சரியான்னு கேக்குது."

நான்: "சரி சொல்லுல."

சொல்லிவிட்டான். காற்றாடிச் சத்தத்தை ரேடியோவில் எனக்குக் கேட்கவைத்தான்.

நாள் 7. மதியம்

மைனஸ் 20. விண்வெளி உடையைப் போட்டுக்கொண்டேன். குளிரில் போன் பேட்டரிகள் சாகின்றன. ஐந்தை உடைக்குள் நெஞ்சோடு வைத்திருக்கிறேன், ஒன்று போகப்போக அடுத்ததை மாட்டுகிறேன். நான் சாகப்போவதாக யாரும் படிக்கவேண்டாம். குளிர்கிறது, அவ்வளவுதான். கலம் நாளை அவனிடம், பிறகு என்னிடம்.

பக்கத்தை அனுமதியில்லாமல் மாற்றியது நான். சர்வரைப் பிடுங்கியது நான். மறுபடி நேர்ந்தாலும் இதையேதான் செய்வேன். உங்கள் மேசையில் வேலை செய்ததா? மேசையைத் தூக்கிக்கொண்டு இங்கே வாருங்கள்.

நாள் 8. நேரம் தெரியவில்லை

மூன்றாவது போன். விரல் வளையவில்லை, எழுத்து தப்பினால் பொறுத்துக்கொள்ளவும்.

நூகு இப்போதுதான் 0.6 போட்டான். கலத்தின் வெளிச்சம் தெரிகிறது என்றான். அவன் கதவைத் திறக்க இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஆமினாவுக்குப் பதில் சொல்லச் சொன்னான். பச்சையாம். எனக்கு அனுப்ப வழியில்லை. இதை எடுப்பவர் சொல்லிவிடவும், பச்சை.

நான்காவது போன்.

தளத்துக்குள் யாராவது வந்தால், இருட்டாக இருக்கிறதே என்று அந்தச் சர்வரைப் போட்டுவிடாதீர்கள். குளிர்கிறதே என்றும் போடாதீர்கள், நூகுவுக்குப் பழைய பெட்டி போய்விடும். நான் எப்படிக் கிடந்தாலும் சரி. நூகு குடிலை விட்டு வெளியே வந்தானா என்று முதலில் கேளுங்கள். வந்துவிட்டான் என்று அவன் வாயால் சொன்ன பிறகுதான் கம்பியை